முப்பது தாண்டிய ஹாக்கிக்காரர்: பெஞ்சா, பின்வரிசையா, ஃபைவ்ஸா, விசிலா?

தமிழக–கேரள எல்லையில் இருக்கும் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்து ஆட்டக்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். கேட்பவருக்கு வயது முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் இருக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஃபார்வர்டு. முதல் பதினொன்றில் பெயர் இருந்த காலம் போய், இப்போது மூன்றாவது குவார்ட்டரில்தான் கூப்பிடுகிறார்கள். "பந்து வாறது தெரியுது அண்ணே, கால்தான் போய்ச் சேர மாட்டேங்கு" என்பார்கள். இனி அதே இடத்துக்கு முட்டி மோதுவதா, டிஃபென்ஸுக்கு இறங்குவதா, ஃபைவ்ஸ், செவன்ஸ் என்று சின்ன ஆட்டங்களுக்குப் போவதா, கோச்சிங், அம்பயரிங் பக்கம் திரும்புவதா?

"உடம்பு சொல்றதைக் கேளு" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உடம்பு ஒரே நேரத்தில் நாலு விஷயம் சொல்லும், அதில் எதைக் கேட்பது என்பதில்தான் சிக்கல். அதனால் முதலில் அளவுகோல், அப்புறம் வழிகள் என்று போவோம்.

ஆட்டம் எங்கே மாறிற்று

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆட்டம் புல்லிலிருந்து செயற்கைத் தரைக்குப் போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வயதான ஃபார்வர்டைப் பெஞ்சுக்கு அனுப்பியது அது மட்டும் இல்லை. 1992-ல் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்று வந்தது. 1998-ல் ஆஃப்சைடை, அதாவது எதிரணியின் கடைசி ஆட்களைத் தாண்டி நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதியை, நிரந்தரமாக எடுத்தார்கள். 2009-ல், எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டைத் தானே தட்டிக்கொண்டு ஓடலாம் என்றார்கள். 2014-லிருந்து சர்வதேச ஆட்டம் 35 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகளை விட்டுவிட்டு, 15 நிமிடம் கொண்ட நாலு குவார்ட்டராக ஆனது.

இவை எல்லாம் சேர்ந்து என்ன செய்தன என்று பாருங்கள். முன்பு ஒரு சென்டர் ஃபார்வர்டு எழுபது நிமிடமும் தரையில் இருப்பார். அதில் பாதி நேரம் நடப்பார், விசில் ஊதினால் மூச்சு வாங்குவார், சந்தர்ப்பம் வரும்போது மட்டும் பாய்வார். இப்போது ஃபார்வர்டை நாலைந்து நிமிடத்துக்கு உள்ளே விடுகிறார்கள். அந்த நாலைந்து நிமிடமும் முழு வேகம். எதிரணி டிஃபெண்டர் பந்தை எடுத்தவுடன் ஓடிப்போய் மறிக்க வேண்டும். அவர் மறுபக்கம் தள்ளினால் திரும்பி அங்கே ஓட வேண்டும். விசில் ஊதினாலும் ஓய்வில்லை, எதிரி தானே தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெளியே வந்து ரெண்டு மடக்குத் தண்ணீர், மறுபடி உள்ளே.

ஆக இன்றைய ஆட்டம் கேட்பது ஒரு பாய்ச்சலை அல்ல, அடுத்தடுத்த பாய்ச்சலை. வயது ஏறும்போது பலருக்கும் முதலில் கைவிடுவது அந்த இரண்டாவது பாய்ச்சல்தான். முதல் ஓட்டத்தில் இருபத்திரண்டு வயதுப் பையனோடு சமமாகப் போவார். இருபது வினாடி கழித்து அதே ஓட்டத்தைக் கேட்டால் ரெண்டு கெஜம் பின்தங்குவார். பார்ப்பவர்கள் வேகம் போய்விட்டது என்பார்கள். வேகம் இருக்கிறது, அது திரும்பி வர நேரமாகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் எடுக்கிற முடிவுதான் பெரும்பாலும் தப்பாகப் போகிறது.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் இப்போது சொன்னதுதான்: உங்களிடம் போனது முதல் ஓட்டமா, இரண்டாவது ஓட்டமா? இதற்கு ஓட்டத்தை அளக்கும் ஜிபிஎஸ் பனியன் எதுவும் வேண்டாம். கோல் கோட்டிலிருந்து இருபத்தஞ்சு கெஜக் கோடு வரை (புது அளவில் 22.90 மீட்டர்) முழு வேகத்தில் ஓடுங்கள். ஒருவர் போனில் நேரம் எடுக்கட்டும். இருபத்தைந்து வினாடி நின்று மறுபடி ஓடுங்கள். இப்படி எட்டு தடவை. முதல் ஓட்டமே பழையதைவிட மோசமா, அல்லது முதல் மூன்று சரியாக இருந்து ஐந்தாவதிலிருந்து சரிகிறதா என்று எழுதி வையுங்கள். நல்ல தூக்கம் இருந்த நாளில் ஒரு முறை, ஆட்டத்துக்கு மறுநாள் ஒரு முறை செய்து பாருங்கள். இரண்டாவது தாளைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

இரண்டாவது, சம்பளம் எங்கிருந்து வருகிறது. ரயில்வே, வங்கி, போலீஸ் மாதிரி விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையில் இருக்கும் டிபார்ட்மென்ட் ஆட்டக்காரர் வேறு. பகலில் ஆட்டோ ஓட்டியோ, மரக்கடையில் நின்றோ, ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போயோ சாயங்காலம் ஆடுபவர் வேறு. இரண்டு பேருக்கும் ஒரே ஆலோசனை சொல்பவரை நம்பாதீர்கள்.

மூன்றாவது, டர்ஃப் என்கிற செயற்கைத் தரை மைதானம் எவ்வளவு தூரம். நாலாவது, அந்த வழி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும். ஐந்தாவதை யாரும் வெளியே சொல்வதில்லை. நேற்றுவரை உங்கள் கிட்பேக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த பையன் உங்களுக்குப் பதிலாக உள்ளே போகும்போது, பெஞ்சில் உட்கார்ந்து கைதட்ட முடியுமா? இது சின்ன விஷயம் இல்லை. முழங்காலைவிட இதில் அடிபட்டு ஆட்டத்தை விட்டவர்கள் உண்டு.

வழி ஒன்று: அதே இடம், குறைந்த நிமிடம்

ஃபார்வர்டாகவே இருப்பது, ஆனால் அறுபது நிமிடத்தில் பத்து, பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒப்புக்கொள்வது. முதல் ஓட்டம் இன்னும் இருக்கிறது, இரண்டாவது மட்டும் தளர்கிறது என்றால் இது பொருந்தும். கடைசி குவார்ட்டரில் எதிரணி டிஃபெண்டர்கள் சோர்ந்திருக்கும்போது புதுக் காலோடு ஒருவர் உள்ளே வருவது எந்த கோச்சுக்கும் வசதி. டி-க்குள் (கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டம்) எங்கே நின்றால் பந்து தட்டுப்பட்டு வரும் என்ற அனுபவம் அந்தப் பத்து நிமிடத்துக்குப் போதும்.

தேசிய அளவில் இதற்கு நல்ல உதாரணம் குடகு நாட்டு எஸ்.வி. சுனில். 2021 அக்டோபரில் ஓய்வை அறிவித்தார், சின்ன வடிவ ஆட்டத்துக்கு மட்டும் தயார் என்றார். அடுத்த வருஷமே ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இளைஞர் அணிக்குத் துணைத் தலைவராகத் திரும்பி வந்தார். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் முதலில் இந்தியாவுக்கு ஆடியது அந்த அணியில்தான். வெண்கலம் கிடைத்தது. வேகத்துக்குப் பெயர் போன ஒரு ஃபார்வர்டு முப்பது தாண்டியபின் பையன்கள் நடுவில் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது ஒரு அளவு.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, குறைந்த நிமிடம் ஆடுபவர் குறைவாகப் பயிற்சி எடுக்கலாம் என்று நினைத்தால் கதை முடிந்தது. பெஞ்சில் குளிர்ந்து கிடந்த தொடைத் தசை திடீரென்று முழு வேகத்துக்குப் போகும்போதுதான் பின்தொடை பிடித்துக்கொள்ளும். உள்ளே போகுமுன் கோட்டுக்கு வெளியே ஐந்து நிமிடம் ஓடியே ஆக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் பளு தூக்கும் பயிற்சியும் வேண்டும். முப்பதுக்கு மேல் வெறும் ஓட்டம் பாய்ச்சலைக் காப்பாற்றாது. இரண்டு, இந்த இடத்துக்குப் போட்டி அதிகம். கோச்சுக்கு ஒரு காலியிடம் கிடைத்தால் பத்தொன்பது வயதுப் பையனைத்தான் வளர்க்கப் பார்ப்பார்.

பெரிய லீக்கிலும் அதே கதைதான். 2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கிய அந்த சீசனில் ஒரு அணிக்கு 24 பேர், அதில் வெளிநாட்டவர் 8. மீதி 16 இந்தியரில் குறைந்தது 4 பேர் ஜூனியராக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஏலத்தின் தொடக்க விலையே 2, 5, 10 லட்சம் என்று மூன்று படி. தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நம் பெயரிலேயே அணி இருந்தாலும், முப்பத்திரண்டு வயது மாநில அளவு ஃபார்வர்டுக்கு அங்கே நாற்காலி போட்டு வைத்திருக்கவில்லை. இந்தக் கனவைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுங்கள்.

வழி இரண்டு: பின்னால் இறங்குவது

எனக்குப் பிடித்த வழி இது. ஆனால் சரியான நேரத்தில் செய்தால்தான்.

ஃபார்வர்டாக இருந்தவருக்கு எதிரணி ஃபார்வர்டு அடுத்து என்ன செய்வார் என்று தெரியும். அது பாதி டிஃபென்ஸ். பின்னால் நின்றால் ஆட்டம் முழுக்கக் கண் முன்னால் விரியும். முதுகைக் காட்டிக்கொண்டு பந்து வாங்க வேண்டியதில்லை. ஓட வேண்டிய தூரம் அவ்வளவாகக் குறையாது. ஆனால் முழுப் பாய்ச்சல்களின் எண்ணிக்கை குறையும், பாய வேண்டிய நேரத்தை ஓரளவு நீங்களே தீர்மானிக்கலாம். இரண்டாவது ஓட்டம் தளர்ந்தவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மன்பிரீத் சிங்கைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க நடுவரிசை ஆட்டக்காரர். 2023-ல் கிரெய்க் ஃபுல்டன் பயிற்சியாளராக வந்தபின் அவரைப் பின்வரிசையிலும் ஆட வைத்தார். அப்போது சிலர் முணுமுணுத்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி, பிரிட்டனுக்கு எதிராக. பதினேழாவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி நாற்பது நிமிடத்துக்கும் மேல் இந்தியா பத்துப் பேரோடு ஆட வேண்டியதாயிற்று. அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் இறங்கியது 32 வயது மன்பிரீத். ஆட்டம் 1–1, ஷூட்டவுட்டில் 4–2 என்று இந்தியா வென்றது. ஒரு வருஷம் முன்பே பழகியிருந்ததால்தான் அன்று கைகொடுத்தது. அவசரத்துக்கு இறங்கிக் கற்றுக்கொள்ளும் வேலை இல்லை இது.

நம் பக்கத்து ஆட்டக்காரருக்கு இங்கே ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. செம்மண் தரையில், சரளையில் வளர்ந்த கை நம்முடையது. சரளையில் பந்து எப்போது எகிறும் என்று தெரியாது. அதனால் மட்டையைச் செங்குத்தாக வைத்து, உடம்பைப் பின்னால் நிறுத்தித்தான் பந்தை நிறுத்துவோம். டர்ஃபில் டிஃபெண்டர் செய்ய வேண்டியது நேர் எதிர். இடுப்பை மடித்து, மட்டையைத் தரையோடு தரையாகக் கிடத்தி, பக்கவாட்டில் ஒரு வேலி மாதிரி போட வேண்டும். இடது கை முட்டி தரையில் உரசும். முதல் மாதம் விரல் முட்டிகளில் தோல் உரிந்து, ஆறுமுன் மறுபடி உரியும். இடது கைக்கு மட்டும் கனமான கிளவுஸ் போட்டுக்கொள்வதைக் கூச்சமாக நினைக்காதீர்கள். அடுத்தது இடுப்பு. முப்பத்திரண்டு வயதில் அவ்வளவு தாழ்ந்து, அங்கிருந்து உடனே எழுந்து ஓட வேண்டும் என்றால் பிருஷ்டத் தசையிலும் இடுப்பு மடக்கிலும் மாதக்கணக்கில் வேலை செய்தாக வேண்டும்.

அட்டையையும் கணக்கில் சேருங்கள். ஃபார்வர்டு தாமதமாக வந்தால் பந்து போய்விடும், அவ்வளவுதான். டிஃபெண்டர் தாமதமாக வந்தால் எதிரியின் கால் தட்டும். பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம் வெளியே, மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம். அந்த நேரமெல்லாம் அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். பழைய ஃபார்வர்டு கைக்கு "எட்டிப் பறிப்போம்" என்ற ஆசை போகாது. புது டிஃபெண்டர்கள் வாங்கும் அட்டைகளில் பாதி இந்த ஆசையால் வருவது. எதிரியோடு கூடவே ஓடி, ஓரத்துக்குத் தள்ளி, அவன் பிழை செய்யும்வரை காத்திருக்கப் பழக வேண்டும். பறிக்காமல் இருப்பதுதான் கடினமான பாடம்.

இன்னொன்று, தூக்கிப் போடும் பந்து. எதிரணி முன்னால் வந்து நெருக்கும்போது பின்வரிசையிலிருந்து தலைக்கு மேலே ஏரியல் போடத் தெரியாத டிஃபெண்டருக்கு இன்று பாதி மதிப்புதான். இதில் நல்ல செய்தி, இதற்குக் கால் வேண்டாம், கைதான். தனியாக ஒரு பக்கெட் பந்தோடு பழகலாம்.

இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவு ஒரு சீசன். மாறும் வருஷம் நீங்கள் நல்ல ஃபார்வர்டும் இல்லை, நல்ல டிஃபெண்டரும் இல்லை. அந்த ஒரு வருஷத்தைப் பொறுத்துக்கொள்ளும் கோச்சும் அணியும் வேண்டும். வேலை உறுதியான டிபார்ட்மென்ட் ஆட்டக்காரருக்கு இது கிடைக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் காசு வாங்கி ஆடுபவருக்குக் கிடைக்காது.

வழி மூன்று: பெனால்டி கார்னர் ஆள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதை எளிது என்று நினைக்கிறார்கள். பாரிஸில் அதிக கோல் அடித்தவர் ஹர்மன்பிரீத் சிங், 10 கோல். பெரும்பாலும் பெனால்டி கார்னரில், அதாவது டி-க்குள் எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பில். அதைப் பார்த்துவிட்டு முப்பத்துமூன்று வயதில் டிராக் ஃப்ளிக் (பந்தை மட்டையால் இழுத்துக் கோலுக்கு வீசுவது) கற்றுக்கொள்ளப் புறப்பட வேண்டாம். அந்த முறுக்கல் முழுவதும் இடுப்பிலும் முதுகின் அடியிலும் விழும். சிறுவயதிலிருந்து பழகியவர்களே முதுகுவலியோடு அலைகிறார்கள்.

கற்றுக்கொள்ளக் கூடியது பந்தைக் கோட்டிலிருந்து தள்ளிவிடும் வேலையும், டி-யின் உச்சியில் பந்தை நிறுத்தும் வேலையும். இரண்டுக்கும் பதற்றமில்லாத கை போதும். இவற்றைத் தனி வழியாக எடுக்காமல், முதல் இரண்டு வழிகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெனால்டி கார்னரை மட்டும் நம்புபவருக்கு விதி மாறினாலும் ஆபத்துதான். 2016 ஹாக்கி இந்தியா லீக்கில், ஆட்டத்தின் ஓட்டத்தில் அடிக்கும் ஃபீல்டு கோலுக்கு இரண்டு கோல் மதிப்பு கொடுத்தார்கள். அப்போது ஃப்ளிக்கர்களின் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வழி நாலு: ஃபைவ்ஸ், செவன்ஸ்

திருவிழா, பொங்கல், ஓணம் நாட்களில் எல்லையின் இரண்டு பக்கமும் சின்னப் போட்டிகள் நடக்கும். ஒரே நாளில் முடிந்துவிடும், சாப்பாடும் பேட்டாவும் உண்டு, ஜெயித்தால் கையில் காசு. உலக அளவிலும் ஃபைவ்ஸ் வந்துவிட்டது. முதல் உலகக் கோப்பை 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்தது. கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர், பத்து பத்து நிமிடமாக இரண்டு பாதி, சுற்றிலும் பலகை.

வயதானவருக்கு இது எளிது என்பது ஒரு மயக்கம். தரை சின்னது என்பதால் நீளமான ஓட்டம் இல்லை, சரி. ஆனால் நிற்பது, திரும்புவது, மறுபடி கிளம்புவது ஒவ்வொரு சில வினாடிக்கும் வரும். போனது இரண்டாவது ஓட்டம் என்றால், அதைத்தான் இந்த ஆட்டம் திரும்பத் திரும்பக் கேட்கும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இந்தத் திருப்பங்கள் பெரிய ஆட்டத்தைவிட மோசம். அதுவும் ஒரே நாளில் நாலு ஆட்டம் என்றால், மூன்றாவது ஆட்டத்தில்தான் தசை கிழியும்.

யாருக்கு இது சரி? கையில் பந்து ஒட்டிக்கொள்ளும் ஆட்டக்காரருக்கு, நெருக்கடியில் ஒரு சின்னத் தட்டில் ஆளைக் கழற்றிவிடத் தெரிந்தவருக்கு. அப்புறம், வாரநாட்களில் பயிற்சிக்கே போக முடியாத தினக்கூலிக்காரருக்கு. பால்வெட்டுக்காரர் விடியுமுன்னே தோட்டத்தில் இருக்க வேண்டும், காலைப் பயிற்சி அவருக்கு நடக்காது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டி ஒன்றுதான் அவரால் முடியும். ஆனால் விழுந்து முழங்கால் போனால் ஸ்கேன் செலவு, வெட்டுக்குப் போகாத நாள், இரண்டும் அவர் தலையில்தான். போட்டி நடத்துபவர் ஐஸ்கட்டி தருவார், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வெளியூர் அணிக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிடும்போது இதைக் கேட்டுத் தீர்த்துக்கொண்டு போங்கள்.

வழி ஐந்து: விசில்

கோச்சிங், அம்பயரிங் இரண்டையும் ஓய்வுக்குப் பிந்தைய வேலையாக நினைக்கிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. காரணம் சாதாரணம்: சான்றிதழுக்கு நேரம் பிடிக்கும். பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) தரும் பயிற்சியாளர் டிப்ளமோ ஒரு வருஷம். ஆறு வார சான்றிதழ் படிப்பும் இருக்கிறது. ஹாக்கி இந்தியாவுக்கென்று பயிற்சியாளர் படிகள் தனியாக உண்டு. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் போக வேண்டுமென்றால் பட்டமும் பி.பி.எட். என்ற உடற்கல்விப் படிப்பும் வேண்டும், வெறும் ஆட்டக்காரர் என்ற பெயர் உள்ளே விடாது. முப்பத்தாறில் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு இதையெல்லாம் ஆரம்பித்தால் வருமானமில்லாத இரண்டு வருஷம் நடுவில் விழும்.

கோச்சிங்கின் மறைமுகச் செலவு மாலை நேரம். நாலிலிருந்து ஆறரை வரை மைதானத்தில் இருப்பவர் அந்த நேரத்தில் தன் பயிற்சியைச் செய்ய முடியாது. தனியார் பள்ளிகள் தரும் தொகுப்பூதியம் பெரிதாக இருக்காது. கோடை முகாம் மாதத்தில்தான் கொஞ்சம் கை நனையும். இன்னொன்று, நன்றாக ஆடியவரெல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று இல்லை. உங்களுக்குத் தானாக வந்த ஒன்றைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பிரித்துக் காட்ட முடிகிறதா என்று ஒரு கோடை முகாமில் சும்மாவே போய்ப் பாருங்கள்.

அம்பயரிங்கை மட்டமாக எடைபோட வேண்டாம். ஆட்டத்தோடு ஓட வேண்டும், உடல் தகுதிச் சோதனை உண்டு. ஆனால் அங்கே பாய்ச்சலைவிடச் சீரான ஓட்டம்தான் முக்கியம், மோதலும் கிடையாது. இரண்டாவது ஓட்டம் போனவருக்கு உடம்பளவில் இது நன்றாகவே ஒத்துப்போகும். மனசளவில் எல்லோருக்கும் ஒத்துவராது. போன மாதம் உங்களோடு டீ குடித்தவர் டி-க்குள் விழுந்து எழுந்து உங்களைத் திட்டுவார். சொந்த ஊர் அணியின் ஆட்டத்தை ஊத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆசை மட்டும் மீதி இருப்பவர்களுக்கு மாஸ்டர்ஸ் ஹாக்கி வந்துவிட்டது. 2025 ஜூனில் சென்னையில் ஹாக்கி இந்தியா மாஸ்டர்ஸ் கோப்பை முதல் முறையாக நடந்தது. ஆண்களுக்கு நாற்பது, பெண்களுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல். கல்யாணத்தோடு ஸ்டிக்கைப் பரணில் போட்ட பெண் ஆட்டக்காரர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒரே பார்வையில்

| வழி | யாருக்குப் பொருந்தும் | எவ்வளவு தாங்கும் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| அதே இடம், குறைந்த நிமிடம் | முதல் ஓட்டம் இன்னும் இருப்பவர் | ஒன்றிரண்டு சீசன் | பின்தொடைக் காயம், பெஞ்சு மனநிலை |
| பின்வரிசை | இரண்டாவது ஓட்டம் தளர்ந்தவர், நிரந்தர வேலை உள்ளவர் | நாலைந்து வருஷம் | கற்கும் சீசன், அட்டைகள், இடுப்பு |
| பெனால்டி கார்னர் | தள்ளவும் நிறுத்தவும் நல்ல கை உள்ளவர் | தனியாக நிற்காது | விதி மாற்றம் |
| ஃபைவ்ஸ், செவன்ஸ் | கைவேலைக்காரர், தினக்கூலிக்காரர் | முழங்கால் உள்ளவரை | சிகிச்சை, கூலி இழப்பு |
| கோச், அம்பயர் | இரண்டு ஓட்டமும் போனவர், நிரந்தர வேலை இல்லாதவர் | நீண்ட காலம் | படிப்புக் காலம், மாலை நேரம் |

வருஷக் கணக்கு என் கணிப்பு. உங்கள் உடம்பு அதைப் படித்துவிட்டு நடக்காது.

எல்லை என்ற தலைவலி

இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கேள்வி: கோவில்பட்டியா, கொல்லமா? கிழக்கே கோவில்பட்டியில் கிருஷ்ணா நகர் டர்ஃப், விளையாட்டு விடுதி, கோடையில் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி. மேற்கே கொல்லம் ஆசிராமத்தில் 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய டர்ஃப் மைதானம். செங்கோட்டையிலிருந்து இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம்தான், நூறு கிலோமீட்டருக்குள். ஆனால் ரயில் பகவதிபுரம் தாண்டி மலை ஏறி, பதிமூன்று கண் பாலம் வழியாகப் புனலூருக்கு இறங்கும்வரை ஊர்ந்துதான் போகும். காலைப் பயிற்சி என்றால் முதல் நாளே போய்க் கொல்லத்தில் தங்க வேண்டும். கோவில்பட்டிக்குச் சங்கரன்கோவில், கழுகுமலை வழி பஸ். விடியற்காலை கிளம்பினால் பயிற்சி முடித்து அன்றே வீடு திரும்பலாம்.

பின்வரிசைக்கு மாற நினைப்பவருக்கு டர்ஃப் கட்டாயம். சரளையில் அந்தப் படுக்கை மட்டைத் தடுப்பைப் பழக முடியாது. அதனால் வாரம் இரண்டு நாள் கோவில்பட்டி என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். புனலூர், தென்மலைக்காரர்களுக்குக் கொல்லம்.

சிலர் மாநிலப் பதிவையே மாற்றலாமா என்று கேட்கிறார்கள். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது, பாதிக் குடும்பங்களுக்கு அந்தப் பக்கம் சொந்தம், விலாசத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு, கேரளத்தில் ஆண்டுக்கு 50 பேர் என்ற கணக்கில் நியமனம். இருபத்திரண்டு வயதில் இந்தக் கணக்கைப் போடுவதில் அர்த்தம் உண்டு. முப்பத்திரண்டில் மாறினால், பழைய மாநிலத்துச் சங்கத்திடம் தடையில்லாச் சான்று வாங்கவே அலைய வேண்டும். புது மாநிலத்தில் உங்கள் இடத்துக்குக் கொல்லம் விடுதிப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். வயது வரம்பும் நெருங்கிவிடும். வேண்டாம். கோச்சாகப் போவதென்றால் மட்டும் மேற்குப் பக்கம் யோசிக்கலாம். கடைவீதி மலையாளம் நமக்கெல்லாம் வரும், பிள்ளைகளைத் திட்டவும் பாராட்டவும் அது போதும்.

அப்படியானால் எது?

டிபார்ட்மென்ட் வேலையில் இருக்கிறீர்கள், முப்பத்திரண்டுக்குள், எட்டு ஓட்டத்தில் ஐந்தாவதிலிருந்து சரிகிறது என்றால் தயங்காமல் பின்வரிசை. இந்த சீசனிலேயே. கால் முழுவதும் போனபின் இறங்கினால் அங்கேயும் இடம் கிடையாது. டிஃபெண்டருக்கும் கொஞ்சம் கால் வேண்டும்.

முதல் ஓட்டம் பழையபடி இருக்கிறது, பெஞ்சில் உட்கார மனசு ஒப்புகிறது என்றால் ஒரு சீசன் குறைந்த நிமிடத்தில் ஆடுங்கள். கூடவே பெனால்டி கார்னர் தள்ளும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை நிரந்தரமில்லை, வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றால் முதலில் சான்றிதழ். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகட்டும். இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதல் ஓட்டமும் இரண்டாவது ஓட்டமும் போய்விட்டன, முழங்கால் காலையில் மடங்கவே பத்து நிமிடம் ஆகிறது என்றால் அம்பயரிங் படிப்பு எப்போது என்று மாவட்டச் சங்கத்தில் விசாரியுங்கள்.

மாறுவதற்கு நல்ல நேரம் சாரல் மாதங்கள். கோடைப் போட்டிகள் முடிந்திருக்கும், உள்ளூர்ச் சரளை மைதானங்கள் ஊறிக் கிடக்கும், யாரும் உங்களை ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பளுவும் இடுப்பும், செப்டம்பரிலிருந்து டர்ஃபில் புது இடம், டிசம்பருக்குள் நாலைந்து நட்பு ஆட்டம். கோச்சிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர் "பார்க்கலாம்" என்று இழுத்தால், எந்த ஆட்டத்தில், எத்தனை நிமிடம் என்று கேட்டு முடித்துக்கொண்டு வாருங்கள்.

கோல்கீப்பர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது. கிழக்கம்பலத்து ஸ்ரீஜேஷ் பாரிஸில் வெண்கலத்தோடு விடைபெற்றபோது வயது 36. அவர்கள் எண்ண வேண்டியது ஓட்டத்தை அல்ல, ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை கீழே விழுந்து எழ முடிகிறது என்பதை.